சின்ன ஊரில் காற்றை அளக்கக் கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் ஊர் கொங்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. கிழக்கே இரண்டு அரிசி ஆலைகள். தென்மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு கல் கிரஷர். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கறுப்புப் புள்ளிகள் விழுவதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். 14 மாதம் ஆனது. 19,000 ரூபாய்க்கு மேல் போனது. இன்று முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் நாலைந்து மாதத்தில், பாதிச் செலவில் முடித்துவிடுவேன். மீதிப் பணமும் மாதங்களும் எங்கே போயின என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன் ஒரு விஷயம். நாம் கடையில் வாங்கும் கருவியின் எண்ணைக் காட்டி எந்த ஆலையையும் தண்டிக்க முடியாது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில், புகைபோக்கியிலிருந்து மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். அந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு சாட்சியாகச் செல்லாது. அப்புறம் நாம் எதற்கு அளக்க வேண்டும்? மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வந்து நின்றால் தூசி பிடிபடும் என்று சொல்வதற்கு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை 11 மணிக்கு மேல் வருவார்கள். வெயில் ஏறிக் காற்று கலைந்து, நாள் முழுவதிலும் ஓரளவு சுத்தமாக இருக்கும் நேரம் அது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

1. ஒரு வாரம் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள்

கருவி வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலை 6, மதியம் 1, இரவு 9 என்று மூன்று வேளை எழுதுங்கள்: புகை தெரிகிறதா, என்ன நிறம், என்ன வாடை, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது. திசை பார்க்க மாடிக் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டினால் போதும்.

மாடித் தரையில் படியும் தூசியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணலாக இருந்தால் கல் தூசி. கறுப்பாக, லேசாக, தேய்த்தால் பொடிந்து விரலில் ஒட்டினால் உமிக்கரி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் அரிசி ஆலைகள் அந்த உமியையே கொதிகலனில் எரிக்கின்றன. சாம்பலைப் பிடிக்கும் அமைப்பு சரியில்லை என்றால் அது ஊர்மேல்தான் இறங்கும். இரண்டும் கலந்து இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தக் கருவி வாங்குவது என்பதே இந்த விரல் சோதனையைப் பொறுத்தது. நான்காம் படியில் ஏன் என்று சொல்கிறேன்.

குப்பைமேட்டை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் முதல் வாரக் குறிப்பிலேயே ஆலை, கிரஷர் இரண்டையும்விட அதிக முறை பதிவானது பேரூராட்சிக் குப்பை எரிவதுதான். அதை நிறுத்த எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கவுன்சிலரிடம் இரண்டு முறை போய் நின்றோம், அவ்வளவுதான்.

2. செல்பேசிச் செயலி காட்டும் எண்ணை ஓரமாக வையுங்கள்

எல்லோரும் முதலில் விழும் குழி இது. செயலியில் ஊர் பெயரைத் தட்டினால் ஓர் எண் வரும். உங்கள் ஊரில் நிலையமே இல்லாமல் அந்த எண் எங்கிருந்து வந்தது? பல செயலிகள் செயற்கைக்கோள் தரவையும் கணினிக் கணிப்பையும் வைத்து ஊருக்கு ஊர் எண் போடுகின்றன. பத்து கிலோமீட்டர் கட்டத்துக்குப் பொதுவாக வரும் எண்ணுக்கு உங்கள் தெருமுனை உமி மில் தெரியாது.

இரண்டாவது சிக்கல், எந்த நாட்டுக் குறியீடு என்பது. நுண்துகள், அதாவது பிஎம் 2.5, ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் அது 83 ஆகும், 'திருப்திகரம்' என்று பச்சை நிறத்தில் வரும். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 137 ஆகி ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். நான் முதல் மனுவில் ஆரஞ்சுத் திரையைப் படம் பிடித்து ஒட்டியிருந்தேன். "இது எந்த நாட்டுக் கணக்குங்க சார்?" என்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டவர் பக்கம்தான் நியாயம்.

எனவே குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு எப்போதும் மைக்ரோகிராமிலேயே பேசுங்கள். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் நான்குதான். 2009-இல் அறிவித்த இந்தியத் தரத்தின்படி பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரி 60, ஆண்டுச் சராசரி 40. சற்றுப் பெரிய துகள்களையும் சேர்த்து அளக்கும் பிஎம் 10-க்கு முறையே 100, 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு இதைவிட மிகக் கடுமையானது, பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி வெறும் 5. வீட்டில் குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ள அந்த எண்ணை நினையுங்கள். மனுவில் எழுத இந்திய எண் மட்டும்தான் எடுபடும்.

3. பத்து ரூபாய் மனு போடுங்கள்

கருவி வாங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். நான் கருவியை முதலில் வாங்கிவிட்டு எட்டு மாதம் கழித்து இதைப் போட்டேன். என் தவறுகளில் மிகப் பெரியது இதுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலே போதும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை:

- குறிப்பிட்ட ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் (ஆலையை ஓட்ட வாரியம் தரும் அனுமதியின்) நகல், எல்லா நிபந்தனைகளுடனும், எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரத்துடன்
- கடந்த 3 ஆண்டுகளில் அந்த ஆலையை ஆய்வு செய்த அறிக்கைகள், எடுத்த காற்று மாதிரிகளின் முடிவுகள்
- அந்த ஆலைமீது வந்த புகார்களும் எடுத்த நடவடிக்கையும்
- ஊருக்கு அருகில் வாரியம் நடத்தும் காற்றுத் தர நிலையம் எது, வாரத்தில் எத்தனை நாள் அளக்கிறது

'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். கோப்பில் உள்ள தாளை மட்டும்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும், 'ஏன்' என்று தொடங்கும் கேள்விக்குப் பதில் வராது. ஓர் ஆலைக்கு ஒரு மனு என்று பிரித்துப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் ஒன்றில் சிக்கல் வந்தாலும் இரண்டும் நின்றுவிடும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்துவிட்டது என்று காட்டும் இணையப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். பிறகு தேடினால் அது இருக்காது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். என் மொத்தச் செலவு, தபாலும் சேர்த்து, 300 ரூபாயைத் தாண்டவில்லை.

வந்த இசைவாணையைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கிரஷருக்குப் போட்டிருந்த நிபந்தனைகளில் கன்வேயர் பெல்ட்டுக்கு மூடி, தண்ணீர் தெளிப்பான், காற்றுத் தடுப்புச் சுவர், உள்பாதையை நனைப்பது, சுற்றிலும் மரங்கள் என்று வரிசையாக இருந்தன. பெல்ட்டுக்கு மூடி இல்லை என்பது பொதுச்சாலையில் நின்று பார்த்தாலே தெரியும். அதற்குக் கருவியே வேண்டாம், தேதி தெரியும் புகைப்படம் போதும். சாலையில் நின்று எடுங்கள், வேலிக்குள் கால் வைக்காதீர்கள்.

4. எந்தக் கருவி, எவ்வளவு

மலிவான கருவிகள் எல்லாமே ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கும். அதன்மேல் லேசர் ஒளி படும். துகள்கள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பார்த்து எடையை ஊகிக்கும். ஆம், ஊகம்தான், நிறுப்பதில்லை.

இந்த முறை புகைக்கு ஓரளவு நன்றாக வேலை செய்யும். உமி எரியும் புகை, குப்பைப் புகை, வாகனப் புகை எல்லாம் பிஎம் 2.5-இல் வரும், கருவி பிடித்துவிடும். கல் தூசி அப்படியில்லை. அது பெருந்துகள், சின்ன விசிறியின் இழுப்புக்கு வராமல் வெளியிலேயே படிந்துவிடும். கருவித் திரையில் 'பிஎம் 10' என்று ஓர் எண் தெரியும். பிஎம் 2.5-இலிருந்து உருட்டிப் போட்ட கணக்குத்தான் அதில் பாதிக்குமேல். கிரஷர் முழு வேகத்தில் ஓடி, என் சட்டையே வெளுத்துப்போன நாளில், கருவி 'பிஎம் 10: 70' என்று அமைதியாகக் காட்டியது. அந்த எண்ணை எதிர்த்தரப்பே எடுத்துக் காட்டி 'உங்கள் கருவியே நல்ல காற்று என்கிறதே' என்றது. உங்கள் ஊர்ப் பிரச்சினை கிரஷரோ குவாரியோ மட்டும் என்றால் இந்தப் படியைத் தாண்டி எட்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

புகைதான் பிரச்சினை என்றால் இரண்டு வழி. முதல் வழி, நீங்களே பூட்டுவது. எஸ்டிஎஸ்011 என்ற தூசி உணரி, தரவை வைஃபையில் அனுப்ப நோட்எம்சியூ பலகை, வெப்பமும் ஈரப்பதமும் பார்க்க டிஎச்டி22, நாலு ஒயர், ஒரு பழைய செல்பேசி சார்ஜர். எனக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆனது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய சென்சார் கம்யூனிட்டி என்ற தன்னார்வத் திட்டத்தின் மென்பொருளை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். ஈயம் வைத்துப் பற்றவைக்க (சால்டரிங்) தேவையில்லை. பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு சாயங்கால வேலை. இரண்டாவது வழி, பூட்டியே விற்கும் இந்தியத் தயாரிப்புகள், அல்லது ஏர்கிரேடியன்ட், பர்ப்பிள்ஏர் போன்ற வெளிநாட்டுக் கருவிகள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டு வாங்குங்கள். ஒன்றை நம்பினால் அது தப்பாகக் காட்டுவதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கையில் பிடித்துப் பார்க்கும் பொம்மை மாதிரிக் கருவிகளைத் தவிருங்கள். தரவைச் சேமிக்காத கருவி எத்தனை அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது. நான் 4,500 ரூபாய்க்கு அப்படி ஒன்று வாங்கினேன், இப்போது வரவேற்பறையில் கடிகாரமாக இருக்கிறது.

எஸ்டிஎஸ்011-இன் ஆயுள் 8,000 மணி நேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். விடாமல் ஓடினால் 11 மாதம். இடைவெளி விட்டு அளக்கும்படி வைத்தால் நீளும்.

5. எங்கே வைப்பது

வாரியத்தின் சொந்த நிலையங்களுக்கு ஒரு விதி உண்டு: காற்று உள்ளே போகும் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மரங்களிலிருந்து 20 மீட்டர் தள்ளி, நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது திறந்து, அருகில் அடுப்போ உலையோ இல்லாமல். நாமும் அதையே பின்பற்றினால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் சரியான இடம்.

என் முதல் கருவி சமையலறைச் சன்னலுக்கு நேர் மேலே இருந்தது. காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எண் எகிறியது. இரண்டு மாதம் ஆலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுத் தாளிப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த இரண்டு மாதத் தரவும் வீண்.

திசையைப் பார்த்து இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள். கொங்குப் பகுதியில் வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பலமாக அடிக்கும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மெதுவாக வரும். ஆகவே ஆலைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. ஒன்று காற்றின் முன்னால் இருக்கும்போது மற்றது பின்னால் இருக்கும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆலையின் பங்கு. ஒரே இடத்தின் எண்ணை மட்டும் காட்டினால் 'எங்கோ டெல்டாவில் வைக்கோல் எரித்திருப்பார்கள்' என்று தள்ளிவிடலாம்.

கூட்டுக்கு மூன்று அங்குல பிவிசி பெண்டு இரண்டு வாங்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி சேருங்கள். ஏறக்குறைய 200 ரூபாய். வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். கட்டாமல் விட்டால் குளவி கூடு கட்டிவிடும். எனக்கு மூன்று வாரத்தில் கட்டியது. கூடு அடைத்ததும் எண் 4, 5 என்று இறங்கியது, காற்று சுத்தமாகிவிட்டதென்று வீட்டில் சொல்லி மகிழ்ந்தது இன்றும் நினைவிருக்கிறது. நோட்எம்சியூ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், புது ரவுட்டர்களில் அதைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். மின்வெட்டுக்கு ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், 1,200 ரூபாய்.

இன்னொருவர் வீட்டில் வைத்தால் முன்னாடியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சின்ன ஊரில் பாதிப் பேருக்கு ஆலையில் வேலை, மீதிப் பேருக்கு ஆலைக்காரரோடு உறவு. என் இரண்டாவது இடம் அப்படித்தான் ஒரு மாதத்தில் கைவிட்டுப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் மகனுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஆலை. தரவைப் பொது வரைபடத்தில் உடனே காட்டவும் வேண்டாம். கருவி இருக்கும் வீடு எது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

6. ஒப்பிட்டுப் பாருங்கள்

முதலில் இரண்டு கருவியையும் ஒரே சுவரில் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டும். ஒன்று எப்போதும் பத்து சதவீதம் கூடக் காட்டினால் பரவாயில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்று பழுது.

பிறகு அரசு நிலையத்தோடு ஒப்பிடுங்கள். தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இப்போது சென்னைக்கு வெளியிலும் இருக்கின்றன: அரியலூர், ஓசூர், கும்மிடிப்பூண்டி, இராமநாதபுரம் என்று. நிலையத்துக்குள்ளேயே வைக்க வாரியத்தில் எழுதிக் கேட்கலாம், நான் கேட்டேன், பதில் வரவில்லை. மாவட்டத் தலைநகரில் நிலையத்துக்கு அரைக் கிலோமீட்டரில் இருக்கும் அத்தை வீட்டு மாடியில் 15 நாள் வைத்தேன். "ஏங் கண்ணு, இது கேமராவா?" என்று கேட்டதைத் தவிர அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணிவாரி எண்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என் கருவி சராசரியாக அரசு எண்ணின் 1.4 மடங்கைக் காட்டியது. அதற்குப்பின் என் எல்லா எண்களையும் 1.4-ஆல் வகுத்தே எழுதுகிறேன், வகுத்தேன் என்பதையும் எழுதுகிறேன். நம் எண்ணை நாமே குறைத்துக் காட்டியதால் அதிகாரிகளிடம் கிடைத்த மதிப்பு, வேறு எந்தத் தாளாலும் கிடைக்கவில்லை.

ஈரப்பதம் தனிப் பூதம். 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், லேசருக்குப் பெரிதாகத் தெரியும். மார்கழிப் பனியில் காலை 5 மணிக்கு வரும் பெரிய எண்ணில் பாதி பனியாக இருக்கலாம். அந்த மணிகளைத் தனி நிறத்தில் குறித்துவிட்டு, கணக்கில் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகப் போடுங்கள். வெளிநாட்டுக் கருவிகளோடு வரும் திருத்தச் சூத்திரங்கள் அந்த நாட்டுத் தூசிக்குச் செய்தவை, நம் ஊருக்கு அப்படியே போடாதீர்கள்.

7. எத்தனை நாள், எப்படி எழுதுவது

குறைந்தது 60 நாள். குளிர்காலத்தில் 30, மேற்குக் காற்றுக் காலத்தில் 30. ஒரு நாளில் 16 மணி நேரமாவது தரவு இருந்தால்தான் அந்த நாளின் சராசரியைப் போடுங்கள், அரசுக் குறியீட்டுக்கும் அதே விதிதான். ஒரு நிமிட உச்சத்தைக் காட்டி '400 தாண்டியது' என்று எழுதாதீர்கள். 60 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான தரம், நிமிடத்துக்கானது கிடையாது.

வாரம் ஒருமுறை தரவை இறக்கி, திருத்தாத மூலக் கோப்பைத் தனியாக வைத்து, நகலில் மட்டும் கணக்குப் போடுங்கள். கூடவே நோட்டில் ஒரு வரி: ஆலை ஓடியதா, மழையா, குப்பை எரிந்ததா, தெருவில் கல்யாணமும் வெடியுமா.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் ஊரில் அமாவாசைக்குக் கிரஷர் ஓடாது. பொங்கலுக்கு ஆலைகள் மூன்று நாள் நிற்கும். காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒப்பீடு அது. குளிர்கால விடியலில் எந்த ஆலையும் இல்லாத ஊரிலும் எண் ஏறும், ஏனென்றால் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துவிடுகிறது, புகை மேலே போக வழியில்லை. ஆகவே விடியற்காலை உச்சத்தை மட்டும் காட்டினால் வாதம் நிற்காது. ஆலை ஓடிய நாள்களின் இரவு 2 மணி முதல் 4 மணி வரையும், ஆலை நின்ற நாள்களின் அதே மணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஓடிய நாள்களில் 3 மணிக்கு ஒரு கூர்மையான மேடு, நின்ற நாள்களில் அது இல்லை. விசாரித்தபோது, கொதிகலன் சாம்பலை அந்த நேரத்தில்தான் தள்ளுகிறார்கள் என்று தெரிந்தது. போகி நாளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், ஊரே பழைய பாயை எரிக்கும்.

8. கல் தூசிக்கு: அகல வாய்ப் பாத்திரமும் ஆய்வகமும்

படியும் தூசியை நிறுப்பது பழைய முறை, இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. அகல வாயும் நேரான சுவரும் உள்ள பாத்திரத்தில் காய்ச்சி வடித்த நீரைப் பாதி ஊற்றி மாடியில் 30 நாள் வையுங்கள். வற்றினால் ஊற்றுங்கள். காக்கை குடிக்காமல் மேலே அகலமான கம்பி வலை போடுங்கள். மாதக் கடைசியில், முன்பே நிறுத்துவைத்த வடிதாளில் வடித்துக் காயவைத்து மறுபடி நிறுங்கள். எங்களுக்கு நகைப் பட்டறைத் தராசு கிடைத்தது, மில்லிகிராம் வரை காட்டும். வாய் 20 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு 0.0314 சதுரமீட்டர். தூசி 0.3 கிராம் இருந்தால் சதுரமீட்டருக்கு ஏறக்குறைய 9.5 கிராம். கிரஷருக்கு அருகில் இரண்டு, எதிர்த்திசையில் ஒன்று, ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஒன்று என்று நான்கு வையுங்கள். இதற்குச் சட்டப்படி வரம்பு எதுவும் இல்லை. நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். நான்கு வடிதாள்களையும் வரிசையாக அட்டையில் ஒட்டிக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

எண் வேண்டுமென்றால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தை அழைக்கலாம். வடிதாளில் 24 மணி நேரம் காற்றை இழுத்து நிறுப்பார்கள். ஒரு நாள், ஓர் இடத்துக்கு என்னிடம் 5,000 ரூபாயும் போக்குவரத்தும் கேட்டார்கள். எட்டு குடும்பம் பங்கு போட்டோம். அங்கீகாரச் சான்றில் 'சூழல் காற்று, பிஎம் 10' என்ற இனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு காற்றுக்கும் வருகிறவர்கள் உண்டு. கிரஷர் விதி ஒன்றும் தெரிந்திருக்கட்டும்: இயந்திரத்திலிருந்து விதி சொல்லும் குறுகிய தூரத்தில் மொத்த மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த இடம் வேலிக்குள் என்பதால் அதை வாரியம்தான் அளக்க முடியும். மனுவில் அதையே கேளுங்கள்.

9. எந்தத் தாளோடு, யாரிடம்

ஆலைக்காரரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் சாம்பலை நனைத்து அள்ள ஒத்துக்கொண்டார், இன்னொருவர் டீ கொடுத்து அனுப்பினார். தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.

மனு இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. இணைப்பில் இவை மட்டும்: இசைவாணை நகலில் மீறிய நிபந்தனைக்குக் கீழே கோடு, தேதியுள்ள புகைப்படங்கள், ஓடிய நாளும் நின்ற நாளும் ஒப்பிட்ட ஒரு படம், கருவி எங்கே எந்த உயரத்தில் இருந்தது, அரசு நிலையத்தோடு எப்படி ஒப்பிட்டீர்கள் என்று அரைப் பக்கம். நோயாளிகளின் பெயரையோ மருத்துவச் சீட்டையோ இணைக்காதீர்கள். கடைசி வரியில் வேண்டுகோளைத் துல்லியமாக எழுதுங்கள்: 'தை மாதத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், இரவு 2 மணி முதல் 5 மணிக்குள், ஆலைக்கு மேற்கே இன்ன தெருவில் அளந்து தரவும்.'

முதலில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுங்கள். நகலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாள்களைப் பார்த்து முன்கூட்டியே தலைவரிடம் பொருளைக் கொடுங்கள், அன்று காலையில் போய் நின்றால் எழுத மாட்டார்கள். 45 நாளில் அசைவு இல்லையென்றால், பொதுத் தொல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 152-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதற்கும் மேலே. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். ஆனால் தமிழ்த் தாள்கள் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதக் கெடுவும் உண்டு. நாங்கள் அதுவரை போகவில்லை.

வாரியம் வந்து அளந்த பிறகு அறிக்கை தானாக உங்கள் கைக்கு வராது. ஒரு மாதம் பொறுத்து, இன்னொரு 10 ரூபாய் மனு போட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் எண்ணுக்குப் போகும் முன் நான்கைப் பாருங்கள்: எத்தனை மணிக்கு அளந்தார்கள், காற்று எந்தத் திசை, கருவி எங்கே நின்றது, அன்று ஆலை ஓடியதா. எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில் எல்லா எண்ணும் வரம்புக்குள் இருந்தது. அளந்த தேதியை நோட்டில் தேடினேன். அமாவாசை.